மொன்டேஃபால்கோ, பதினொன்றரை மணி

"பின்னாடி அந்தச் சாம்பல் நிறக் கார் இன்னும் வருதா?"

கேட்ட எர்சீலியா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நெல்லோ எட்டிப் பார்த்துவிட்டு, "வருது. கொராதோவேதான்" என்றான்.

காரை ஓட்டிய ஒரேஸ்தேவுக்குத் தொழிலே ஜோடிகளை இத்தாலியில் உம்ப்ரியாவின் மலையூர்களுக்கு அழைத்துப் போவதுதான். ஸ்பெல்லோவில் பூத்தொட்டிச் சந்துகள், பெவாஞ்ஞாவில் சாப்பாடு, சாயங்காலம் திராட்சைத் தோட்டம். இந்த ஜோடி ஸ்பெல்லோவில் காரைவிட்டே இறங்கவில்லை.

நவம்பரில் திராட்சை இலை சிவந்து மலைச்சரிவே பற்றியெரிவதுபோலத் தெரியும் வளைவு வந்தது. அங்கே நிறுத்தச் சொல்லாத ஜோடியை அவன் பார்த்ததில்லை. பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதீங்க" என்றாள் எர்சீலியா. "பதினொன்றரைக்கு நாங்க மொன்டேஃபால்கோ நகராட்சியில இருக்கணும்."

"ஒரு படமாவது எடுத்துக்கலாமே?"

"முதல்ல கல்யாணம் ஆகட்டும். வரும்போது ஒரு மணி நேரம்கூட நிக்கலாம்" என்றான் நெல்லோ.

அவளுடைய போன் அதிர்ந்தது. ஏழாவது தடவை. அவள் அதைக் கைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

"எடுத்தா என்ன சொல்வான்னு தெரியும். ஊர்ல எப்படித் தலை காட்டறதுன்னு கேப்பான். மூணு வாரமா இதே பேச்சுதான்."

"ஆள் எப்படி? கை நீட்டுவானா?" என்று கேட்டான் ஒரேஸ்தே.

"அதெல்லாம் மாட்டான்" என்றான் நெல்லோ. "ஆனா அவன் எதிர்ல வந்து நின்னா இவளுக்கு வாயே திறக்காது. போன தடவையும் அப்படித்தான் வேண்டாம்னு வீட்டுக்குத் திரும்பிட்டா."

ஒரேஸ்தே அதற்குமேல் கேட்கவில்லை. ஒலிவத் தோப்புக்குள் போகும் மண்பாதையில் காரைத் திருப்பி, மலையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினான்.

நகராட்சிப் படிகள் இருபதுதான் இருக்கும். ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறிய இருவரும் நடுவில் இரண்டு முறை நின்றார்கள். கீழே சதுக்கத்தில் ஒரு கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

உள்ளே மூவர்ணப் பட்டை அணிந்த பெண் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "எல்லாம் சரி. ரெண்டு சாட்சி எங்க?"

"ஒருத்தர் நான்" என்று ஒரேஸ்தே முன்னால் வந்தான்.

"இன்னொருத்தர் என் சிநேகிதன். காய்ச்சல்ல படுத்துட்டானாம், இப்பதான் தகவல் வந்தது" என்றான் நெல்லோ.

"அப்போ இன்னொரு நாள் வெச்சுக்கலாமே. என்ன அவசரம்?"

எர்சீலியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு நாள்னா எனக்குத் தைரியம் வராதுங்க. ராத்திரி யாருமில்லாத வீட்டுல ரேடியோவைப் பேசவிட்டுட்டுத்தான் தூங்கறேன். இவர் வந்தப்புறம்தான் சிரிக்கவே ஆரம்பிச்சேன். இன்னிக்கே முடிச்சுக் குடுங்க."

அதிகாரியின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது.

கொராதோ நின்றிருந்தான். மூச்சு வாங்கியது. எத்தனை நேரமாக அங்கே நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

நெல்லோ அவளை மறைத்துக்கொண்டு நின்றான். "எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசு, கொராதோ."

கொராதோ நெல்லோவைப் பார்க்கவே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த எர்சீலியாவின் விரல்களையே பார்த்தபடி மேசைவரை வந்தான். கோட்டுக்குள் கையை விட்டான். ஒரேஸ்தே அவன் தோளைப் பிடிக்கப் பாய்ந்தான்.

வெளியே வந்தது அடையாள அட்டை.

"ரெண்டாவது சாட்சி" என்று சொல்லி அதை மேசைமேல் வைத்தான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

கொராதோ அட்டையை அவர் பக்கம் நகர்த்தினான்.

"மூத்த மகன்."