டெசாவின் மாணவி

2014 ஜூன் மாதம் ராய்ஸின் குடும்பம் டெக்சாஸிலிருந்து பென்சில்வேனியாவின் டொவாண்டா ஊருக்குக் குடிவந்தது. எரிவாயுக் கிணறு தோண்டும் கம்பெனியில் அவனுக்கு வேலை. இரண்டு வாரம் வேலைத்தளத்தில், இரண்டு வாரம் வீட்டில்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், அந்த வீட்டுச் சமையலறை மேசையில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

“மறுபடியும் மைனஸை முழுங்கிட்ட. கவனம் எங்க இருக்கு?”

“ஜன்னல்ல.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. இன்னொரு தடவை போடு.”

சிவப்புப் பேனா வைத்திருந்த டெசாவுக்கு வயது பன்னிரண்டு. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த லொரேட்டா அவளுடைய அம்மா.

டெக்சாஸில் இருந்தவரை லொரேட்டாதான் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்டதில்லை. இங்கே வந்ததும் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கப் போனாள். ஜானிஸ் என்ற அலுவலர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

“இங்க சும்மா வீட்டுல வச்சுக்க முடியாதும்மா. நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுத் தரணும். வருஷக் கடைசில ஒருத்தர் பிள்ளைகிட்ட பேசிப் பார்ப்பாங்க. முக்கியமா, சொல்லிக்கொடுக்கிறவங்க பன்னிரண்டாவது முடிச்சிருக்கணும். நீங்க?”

“பத்தாவதோட நின்னுட்டேன்.”

“வீட்டுக்காரர்?”

“அவருக்கு நானே தேவலை.”

ஜானிஸ் சிரித்துவிட்டாள். “பன்னிரண்டாவதுக்குச் சமமா ஒரு பரீட்சை இருக்கு. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள பாஸ் பண்ணிடுங்க. இல்லேன்னா உங்க பொண்ணு மஞ்சள் ஸ்கூல் பஸ் ஏறித்தான் ஆகணும்.”

அன்றிலிருந்து டெசா ஆசிரியை, அம்மா மாணவி. மற்ற பாடங்களை லொரேட்டா ஜூலையிலேயே தாண்டிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பீச் பழ கேக் சுட்டாள். ராய்ஸுக்கு இந்த வேலை கிடைத்த அன்றும் அந்த வீட்டில் அதுதான் சுட்டார்கள். கணக்கு மட்டும்தான் பாக்கி.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம். சாயங்காலமானால் ஊர்ப் பெண்பிள்ளைகள் சாஃப்ட்பால் ஆடுவார்கள். அன்று பந்து வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது. டெசா அதைத் தூக்கி எறியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி நடந்து போய்க் கொடுத்தாள்.

லொரேட்டா ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு பெண் டெசாவின் கையில் மட்டையைக் கொடுத்து, பிடிக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். டெசா வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வரும்போது, வாசற்படிக்கு முன்பே அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட்டிருந்தாள்.

“என்னடி கேட்டாங்க?”

“எந்த ஸ்கூல்னு கேட்டாங்க. வீட்டுலன்னு சொன்னேன். நீ கணக்கைப் போடு.”

“உனக்கு பஸ்ல போக ஆசையே இல்லையா?”

“நான் போயிட்டா நீ யார்கூடப் பேசுவ? ஃபிரிட்ஜ்கூடவா?”

லொரேட்டா பென்சிலை எடுத்துக்கொண்டாள். இந்த ஊரில் அவளை ஒரே ஒருத்திதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். கடையில் பில் போடும் பெண். அதுவும் கார்டில் இருந்த பெயரைப் பார்த்து.

பரீட்சைக்கு முந்தின நாள் டெசா மாதிரித் தேர்வு வைத்தாள். இருபதுக்கு இருபது. “தேறிட்டடி என் ராசாத்தி” என்று அம்மா மாதிரியே சொல்லி, தாளின் மேல் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள்.

மறுநாள் பரீட்சை முடிந்து வீடு வந்தார்கள். சாயங்காலம் போனில் முடிவு வந்தது. லொரேட்டா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். குழாய் கொஞ்ச நேரம் ஓடியது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

“போச்சுடி. ரெண்டு மார்க்குல போச்சு.”

“எப்படிம்மா போகும்? நேத்து எல்லாம் சரியாப் போட்டியே! போனைக் காட்டு.”

“அழிச்சுட்டேன். பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. மறுபடியும் மைனஸை முழுங்கிட்டேன், என்ன செய்ய?”

“டீச்சர் சரியில்லை” என்றாள் டெசா. உதடு துடித்தது. “நான் இன்னும் நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கணும்.”

லொரேட்டா அவள் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, மாவைச் சலித்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.

“தோத்ததுக்கும் பீச் கேக்கா?”

“பழம் அழுகிடும்டி.”

திங்கட்கிழமை டெசாவைப் பள்ளியில் சேர்க்க, கல்வி அலுவலகத்துக்குப் பெயர் எழுதப் போனார்கள். டெசா வெளியே நடைவழியில் நின்றாள். ஜானிஸ் நல்ல மனசுக்காரி. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. கணக்கை மட்டும் திரும்ப எழுதலாமே? பாஸானா பொண்ணை வீட்டுலயே வச்சுக்கலாம். வீட்டுக்காரரும் ஊர்ல இல்லைங்கிறீங்க. தனியா எப்படி இருப்பீங்க?”

லொரேட்டா திரும்பிப் பார்த்தாள். சுவரில் சாஃப்ட்பால் அணிக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. டெசா அதன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

லொரேட்டா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பாஸாகி நாலு நாளாச்சு. அவகிட்ட சொல்லிடாதீங்க.”