மூன்றாவது அலைவரிசை

அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஜொவிட்டாவும் அவள் கணவன் ஷெல்டனும் ஒரு டிரான்ஸ்மிட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அலைவரிசையில் அவள் குரல், இன்னொன்றில் அவன் குரல். இரண்டும் கருவிக்குள் கலந்தால், யாரும் பேசாத மூன்றாவது அலைவரிசையில் இரைச்சல் முளைக்கும். நான்கு மணிக்குள் அதை நீக்கினால்தான் கருவி தேறும்.

இன்று ஹெட்போனில் இரைச்சல் கேட்கவில்லை. "மம்மி, மம்மி" என்று ஒரு குழந்தை விடாமல் கூப்பிட்டது.

கல்யாணமாகிப் பதினோரு வருடங்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"அதுக்கு உங்க மூக்கடைச்ச குரல் அப்படியே வந்திருக்கு," என்றாள் ஜொவிட்டா.

"பிடிவாதம் உன்னுது," என்றான் ஷெல்டன். "மணி மூணே முக்கால். இந்தச் சத்தத்தை எடுத்துரவா?"

"இருங்க. இன்னொரு வாட்டி பேசட்டும்."

"இனிமே சத்தம் போட மாட்டேன், மம்மி," என்றது குழந்தை.

திரையில் மூன்றாவது அலைவரிசையின் கோடு தட்டையாகப் படுத்துக்கொண்டது. இரைச்சலை நீக்கும் பொத்தானை ஷெல்டன் இன்னும் தொடவில்லை.