ஆறு விநாடி

பாடாங் மேஹா தோட்டத்து வீடுகளின் தகரக் கூரைகளில் மூன்று மணி வெயில் கொதிக்கிறது. மணியம் வாசலை அடைத்து நின்றுகொண்டு, மச்சான் குணாளனின் சாமான்களை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு வீசுகிறான். கால்களை அகட்டி நிற்கும் குணாளன் ஒன்றையும் தரையில் விழ விடவில்லை. ரைஸ் குக்கர் நெஞ்சில் வந்து மோதுகிறது, அணைத்துக்கொள்கிறான். கண்ணாடி போட்ட கால்பந்து அணிப் படம் பக்கவாட்டில் பறக்கிறது, பாய்ந்து பிடிக்கிறான். கண்ணாடி நொறுங்கி உள்ளங்கையில் இறங்குகிறது. பதினாலு வருஷம் கோல்கீப்பராக நின்று, பத்து விரலும் கோணிப்போய்ச் சம்பாதித்த வீடு. தோட்டத்தில் பேர் பதிந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்றதால், செம்பனைக் குலை வெட்டும் தங்கை புருஷன் மணியத்தின் பேரில் வாங்கிவிட்டான். “கெரான் பத்திரத்துல என் பேருதான் இருக்கு மச்சான்! கிளம்பு லா!” என்று கத்துகிறான் மணியம். “அண்ணே, நீ போயிருண்ணே,” என்று உள்ளேயிருந்து ஓடிவரும் பிரேமாவதியின் உதடு ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. மணியம் திரும்பி அவள் கன்னத்தில் இன்னொன்று விடுகிறான். அதே கையால் கதவோரத்துப் பாராங் கத்தியை எடுத்து வெளியே விசிறுகிறான். வெயிலில் சுழன்று வரும் கத்தியின் பிடியைக் குணாளனின் கை தானாக எழுந்து கவ்வுகிறது. முழங்கை வழியே ரத்தம் சொட்டுகிறது. வேலியோரம் கூடி நிற்கும் அக்கம்பக்கத்தார் பின்வாங்குகிறார்கள். எறிய இனி ஒன்றுமில்லாமல் மணியம் வாசலிலேயே நிற்கிறான். குணாளன் ஆடிய காலத்தில், கைக்கு வந்த பந்தைக் கோல்கீப்பர் ஆறு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஐந்தாவது விநாடியில் கத்தியோடு அவன் கை தோளுக்குப் பின்னால் போகிறது.