பக்கத்து சீட்டுப் புகை

மைசூர் ரயில்வே கிளார்க் மரியராஜ், காலேஜ் படிக்கும் தன் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தினார்.

“என்ன, துணியெல்லாம் சிகரெட் நாத்தம்?”

“டாக்கீஸ்லருந்து வரேன்ப்பா. பக்கத்துல உக்காந்தவங்க ஊதித் தள்ளிட்டாங்க.”

“மூணாவது தடவையா அதே படமா? கதாநாயகன் வளையம் வளையமா புகை விடறான்னு நீயும் பழகினா, காலேஜை நிறுத்திடுவேன்.”

“சேச்சே, நான் தொடுவேனாப்பா?”

மரியராஜ் சமாதானமானார். போன வாரம் அவரும் அதே டாக்கீஸில் இருமிக்கொண்டேதான் படம் பார்த்தார்.

“சரி, போய்ச் சாப்பிடு.”

சமையலறையிலிருந்து அம்மா ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நில்லு ஜூடித். டாக்கீஸ்ல பொம்பளைங்களுக்குன்னு தனியா மறைப்பு கட்டின இடத்துல, உன் பக்கத்துல உக்காந்து ஊதின மகராசி யாருடி?”