நின்ற இடத்திலேயே

செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை பார்க்கிற சவரிமுத்துவுக்கு இரண்டு மாதமாகத் தலைசுற்றல். உள்காதில் கோளாறு என்றார்கள். இனி அவன் மேலே ஏறலாமா கூடாதா என்று பார்ப்பதற்காக, ஆஸ்பத்திரியில் பரிசோதகர் தாஹிரா அவனைக் கதவைப் பார்த்தபடி நிறுத்தினார்.

“கண்ணை மூடிக்கிட்டு, நின்ன இடத்துலயே ஐம்பது தடவை காலைத் தூக்கி வைங்க.”

அவன் மனைவி பிலோமினா நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது அடியிலேயே அவன் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டான். முகத்தில் மட்டும் நேராக நிற்கிறவனின் நிச்சயம். கண்ணைத் திறந்தபோது எதிரே ஜன்னல் இருந்தது.

“யாரு என்னைத் திருப்புனது?”

“யாரும் தொடலைங்க,” என்றார் தாஹிரா.

அவன் நம்பவில்லை. “நீ சொல்லு பிலோமி.”

வீட்டில் அவன் சுவரைப் பிடித்து நடந்தபோதெல்லாம், “நேராத்தான் நடக்குறீங்க” என்று சொல்லி வந்தவள் அவள்.

“நீங்களாத்தான் திரும்புனீங்க.”

“இன்னொரு தடவை,” என்ற சவரிமுத்து மறுபடியும் கதவைப் பார்த்து நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்த முறை இன்னும் வேகமாகத் திரும்பினான். ஐம்பது முடிந்தும் கண்ணைத் திறக்கவில்லை. விரல்கள் காற்றில் எதையோ தேடின.

“பிலோமி, இப்ப எதைப் பாத்து நிக்கிறேன்?”

அவனுக்கு எதிரே வெறும் சுவர். அவள் விருட்டென்று எழுந்து ஓடி, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“என்னைப் பாத்துத்தான்.”

அவன் கை துழாவி அவள் தோளைப் பற்றியது.

“கண்ணைத் தொறக்கட்டுமா?” என்றான்.