மூன்றாவது கீல்

"கீல் மறுபடியும் ஆடுதுங்க" என்று மடக்கிய சைக்கிளை மேஜைமேல் வைத்தார் மூக்குக்கண்ணாடிக்காரர். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் பட்டறைக்காரிக்குச் சங்கடமாக இருந்தது. சண்டை போடுகிறவரைச் சமாளித்துவிடலாம். சிரித்த முகமாக வந்து நிற்கிறவரிடம் என்ன பேசுவது?

மடக்கு சைக்கிள் செய்யும் சின்னப் பட்டறை அது. அவள் வரைந்து கொடுப்பாள், அவள் தம்பி வெல்டிங் வைப்பான், கூட நாலு பேர். சட்டத்தின் நடுவில் இருக்கும் கீல் அவளே மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது. தினம் இரண்டு தடவை மடக்கினாலும் மூன்று வருஷத்துக்கு அசையாது என்று உத்தரவாத அட்டையில் அச்சடித்தும் விட்டாள்.

தம்பி கீலைக் கழற்றினான். "பின்னு பாதியா தேஞ்சிருக்குக்கா. மத்தபடி நேத்து வாங்கின வண்டி மாதிரி இருக்கு. புது டயர்ல நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த ரப்பர் முடிகூட உதிரல."

"அவ்வளவு பத்திரமா துடைச்சு வெச்சிக்கிறார்" என்றவள், கண்ணாடிக்காரரிடம் திரும்பினாள். "தினமும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஆபீசுக்குங்க. எட்டுப் பத்து ரயில்ல ஏறி, ஒரு மணி நேரம்."

"அங்க ரோடு ரொம்ப மோசமோ?"

"ரோடா... பரவாயில்லைங்க" என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

புதுக் கீல் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியதும் தம்பி கதவைச் சாத்தினான். "இந்தாளு போட்டிக் கம்பெனிக்காரன்க்கா. வீட்ல உக்காந்து அரம் போட்டுத் தேய்க்கிறான்."

"அரம் போட்டா கீறல் விழும்டா. இது தானா தேஞ்சது." அவள் பின்னைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "வெள்ளிக்கிழமை போக வேண்டிய முப்பது வண்டியையும் நிறுத்து. இதுவரைக்கும் வித்ததையும் திரும்ப வாங்கிக்கணும்போல."

நிறுத்தினால் பட்டறையையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் எட்டுப் பத்து ரயிலில், கண்ணாடிக்காரர் ஏறிய பெட்டியிலேயே அவளும் ஏறினாள். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மடக்கிய சைக்கிள் அவர் முழங்கால்களுக்கு நடுவே சமர்த்தாக நின்றது.

ரயில் நகர்ந்ததும் எதிர் சீட்டு அம்மா ஆரம்பித்தார். "சார், நேத்து காட்டினீங்களே, இவருக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்."

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். டக்கென்று விரித்தார், டக்கென்று மடக்கினார்.

"ஒன்பது செகண்ட். நேத்து பத்து" என்றான் செல்போனில் நேரம் பார்த்தவன். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய நர்சுக்கு ஒரு தடவை. பின்னால் நின்றவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு தடவை. கல்லூரிப் பெண்கள் ஆளுக்கு நாலு தடவை செய்து பார்த்தார்கள்.

"இந்தக் கீலை யோசிச்சவங்க சாதாரண ஆள் இல்லைங்க" என்று அவர் விளக்கியபோது செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு முகம் சிவந்தது.

இறங்கும்போது, மடக்கியதை எண்ணிக்கொண்டே வந்த அவள் கணக்கு ஐம்பத்திரண்டில் நின்றது. சாயங்காலமும் இதேபோல என்றால், மூன்று வருஷத்து உழைப்பை மூன்றே வாரத்தில் வாங்கியிருக்கிறார் மனுஷர். கீல் சொன்ன சொல் தவறவில்லை.

பிளாட்பாரத்தில் எதிரே போய் நின்றாள். அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க. பதினெட்டு வருஷமா இதே ரயிலுங்க. மணி என்னன்னுகூட ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. இதை வாங்கினப்புறம்தான் பேச ஆள் கிடைச்சுது." மடக்கிய சைக்கிளைத் தடவினார். "இனிமே காட்டலைங்க."

"காட்டுங்க. கெட்டியான பின்னு ஒண்ணு உங்களுக்குன்னே தனியா கடைஞ்சு தரேன்" என்றவள் அங்கேயே நின்று தம்பிக்கு போன் போட்டாள். "முப்பதையும் அனுப்புடா. கீல்ல ஒரு தப்பும் இல்ல."

போனை வைத்தபோது மனசு பஞ்சாகியிருந்தது. வந்ததுதான் வந்தோம், வண்டியையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"ஆபீஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்குங்க."

"அப்ப ஏறி உக்காருங்க. சீட்டு உயரம் சரியா இருக்கான்னு பாத்துடறேன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கல்லூரிப் பெண்கள் படியேறி மறையும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டியில யாருக்கும் சொல்லிடாதீங்க. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."