கண்ணாடியில் மச்சானின் விளக்கு

நெடும்பயணத்தில் எனக்கும் மனைவியின் அண்ணனுக்கும் ஒரே ஒரு ஏற்பாடுதான். நான் முன்னால் போவேன். என் பைக் கண்ணாடியில் மச்சானின் விளக்கு தெரிகிறவரை நிற்கவும் மாட்டேன், திரும்பிப் பார்க்கவும் மாட்டேன்.

மலையிறக்கம் முழுக்க மழை. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. ஒரு டீக்கு உயிர் போனது. மனுஷன் சளைக்காமல் வந்துகொண்டே இருந்தார். நான் வேகத்தைக் குறைத்தால் அந்த மஞ்சள் விளக்கும் பின்தங்கியது. 'இந்த வயசுல என்ன வீம்பு' என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பொழுது சாயும்போது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி குடையோடு ஓடி வந்தாள்.

"போன் அடிச்சா எடுக்க மாட்டீங்களா? காலைலயே மலை மேல அண்ணன் வண்டி செயின் அறுந்துபோச்சாம். இன்னும் மெக்கானிக் கடையிலதான் இருக்காரு. இந்தாங்க, பேசுங்க."

போனை வாங்கினேன்.

"ஏன் மாப்ள, ஒரு தடவைகூட திரும்பிப் பாக்க மாட்டியா?" என்றார் மச்சான்.

திரும்பிப் பார்த்தேன். தெருவில் மழையைத் தவிர ஒன்றுமில்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். விளக்கு மெதுவாக எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, என் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றது. பிறகு, வீடு வந்து சேர்ந்தவர்கள் அணைப்பதுபோல, அணைந்தது.